நாமினி வேறு, வாரிசு வேறு: இறந்தவரின் பணமும் நிலமும் யாருக்குப் போகும்?

"நாமினியில என் பேர்தான் இருக்கு, அதனால பணம் எனக்குத்தான்." தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு வீட்டில் பெரியவர் போய்ச் சேர்ந்து, காரியம் முடிந்த மறுநாளே இந்தப் பேச்சு கிளம்பிவிடும். சொல்பவர் யாரையும் ஏமாற்ற நினைத்துச் சொல்வதில்லை. பாஸ்புக்கில் அவர் பெயர் அச்சாகியிருக்கிறது, வங்கியில் கேட்டாலும் "நீங்கதான் நாமினி, நீங்க வாங்க" என்கிறார்கள். எதிரில் உட்கார்ந்திருக்கும் அக்காவும் தங்கையும் அதைக் கேட்டு, சரி, நமக்கு இதில் ஒன்றுமில்லை என்று எழுந்து போய்விடுகிறார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை என்பது அங்கே இருக்கும் யாருக்கும் தெரிவதில்லை.

நாமினி என்ற கட்டத்தை நாம் எல்லோருமே நிரப்பியிருக்கிறோம். ஓசூர் சிப்காட்டில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் பி.எஃப். பாரத்தில், மாம்பழ சீசன் முடிந்து கையில் வந்த பணத்தை டெபாசிட் போடும்போது, மகளிர் குழுவுக்காகக் கணக்குத் தொடங்கும்போது, எல்.ஐ.சி. ஏஜெண்ட் நீட்டிய தாளில் என்று எத்தனையோ இடங்களில். அந்தக் கட்டம் எதைச் செய்யும், எதைச் செய்யாது, அது செய்யாமல் விட்டதை வேறு எந்தக் காகிதம் செய்யும் என்பதை முதலிலிருந்து பார்ப்போம்.

மொய் மேசையில் உட்கார்ந்திருப்பவர்

கல்யாண மண்டபத்தில் மொய் எழுதுபவரை நினைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்காரர் நம்பி உட்கார வைத்த ஆள் அவர். வருகிறவர்கள் பணத்தை அவரிடம் கொடுக்கிறார்கள், அவர் நோட்டில் பெயரையும் தொகையையும் எழுதிக்கொள்கிறார். கொடுத்தவரின் வேலை அத்தோடு முடிந்தது. "என் கையில ஏன் கொடுக்கல?" என்று மாப்பிள்ளையின் அப்பா பிறகு வந்து கேட்க முடியாது. ஆனால் வாங்கியவர் அந்தப் பணத்தைத் தன் வீட்டுக்கு எடுத்துப் போக முடியுமா? முடியாது. கணக்குச் சொல்லி உரியவர்களிடம் ஒப்படைக்க வேண்டும்.

வங்கிக் கணக்கில் நாமினியின் இடமும் இதேதான். கணக்கு வைத்திருந்தவர் இறந்துவிட்டால், அவருக்கு எத்தனை பிள்ளைகள், அம்மா உயிரோடு இருக்கிறாரா, இரண்டாம் தாரம் உண்டா என்பதெல்லாம் வங்கிக்குத் தெரியாது. யாரிடம் கொடுத்தாலும் நாளைக்கு இன்னொருவர் வந்து நிற்கலாம். அந்தச் சிக்கலிலிருந்து வங்கியைக் காப்பாற்றத்தான் சட்டம் நாமினி என்ற ஏற்பாட்டை வைத்தது. நாமினியிடம் கொடுத்துக் கையெழுத்து வாங்கிவிட்டால் வங்கியின் பொறுப்பு தீர்ந்தது. அதற்குப் பிறகு அந்தப் பணம் யாருக்குச் சொந்தம் என்பது குடும்பத்துக்குள் தீர வேண்டிய விஷயம்.

இங்கே இரண்டு சொற்களைப் பிரித்து வைத்துக்கொள்ள வேண்டும். நாமினி என்பவர், இறந்தவரின் பணத்தைப் பெற்றுக்கொள்ள அவரே பெயர் குறித்து வைத்த ஆள். வாரிசு என்பவர், அந்தப் பணத்தில் சட்டப்படி பங்குள்ள ஆள். இரண்டும் ஒரே ஆளாகவும் இருக்கலாம். மனைவி நாமினி என்றால் அவர் வாரிசும்கூட. ஆனால் அவர் மட்டுமே வாரிசு என்று ஆகிவிடாது.

உச்ச நீதிமன்றம் இதைப் பல முறை சொல்லியிருக்கிறது. 1984-ல் சர்பதி தேவி வழக்கில், இன்சூரன்ஸ் பணத்தை வாங்கும் நாமினி அதை வாரிசுகளுக்காகத்தான் வாங்குகிறார் என்று தீர்ப்பு வந்தது. வங்கி டெபாசிட்டுக்கும் அதுவே பொருந்தும் என்று 2010-ல் சொன்னது. கம்பெனிப் பங்குகளும் மியூச்சுவல் ஃபண்டும் வைத்திருந்த ஒருவரின் குடும்ப வழக்கில், 2023 டிசம்பரில் மறுபடியும் அதே நிலைதான்.

அப்படியானால் நாமினி போடுவது வீண் வேலையா என்றால், கிடையாது. நாமினி இருந்தால் இறப்புச் சான்றிதழையும் தன் அடையாள அட்டையையும் காட்டி அவர் பணத்தைப் பெறலாம். காகிதங்கள் சரியாக இருந்தால் 15 நாளில் வங்கி கொடுத்தாக வேண்டும். நாமினி இல்லாத கணக்கு என்றால் வாரிசுச் சான்றிதழ், எல்லா வாரிசுகளின் கையெழுத்து, தொகை பெரிதானால் ஜாமீன் என்று மாதக்கணக்கில் இழுக்கும். ஆஸ்பத்திரிக் கடனும் காரியச் செலவும் நெருக்கும் நேரத்தில் அந்த மாதங்கள் ஒரு குடும்பத்தை வட்டிக்குக் கடன் வாங்க வைத்துவிடும். 2025 நவம்பர் 1 முதல் ஒரு வங்கிக் கணக்குக்கு 4 பேர் வரை நாமினி போடலாம். டெபாசிட்டாக இருந்தால் இவருக்கு இத்தனை சதவீதம் என்று பிரித்தே எழுதலாம். மனைவி, இரண்டு மகள், ஒரு மகன் என்று எல்லோர் பெயரும் அந்தக் கட்டத்தில் வந்துவிட்டால், "பணம் எனக்குத்தான்" என்ற பேச்சுக்கே இடமில்லாமல் போகும்.

சரி, இதுவரை பார்த்ததைச் சுருக்கிச் சொன்னால்: பணம் யார் கைக்கு வரும் என்பதை நாமினிப் பாரம் சொல்கிறது. அது யாருடைய பணம் என்பதை வாரிசுரிமைச் சட்டமோ உயிலோ சொல்கிறது.

யார் வாரிசு? ஒரு கணக்கு

உயில் எழுதாமல் ஓர் இந்து ஆண் இறந்தால், அவர் சொந்தமாகச் சம்பாதித்த சொத்து 1956-ம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி முதல் வகுப்பு வாரிசுகளுக்குப் போகும். பெரும்பாலான குடும்பங்களில் அந்த முதல் வகுப்பு என்பது மனைவி, மகன்கள், மகள்கள், இறந்தவரின் அம்மா. மகன் முன்பே இறந்திருந்தால் அவர் பங்கு அவருடைய மனைவி, பிள்ளைகளுக்கும், மகள் முன்பே இறந்திருந்தால் அவர் பங்கு அவருடைய பிள்ளைகளுக்கும் வரும்.

பாலக்கோட்டில் ஒருவர் 10 லட்ச ரூபாய் டெபாசிட்டை விட்டுவிட்டு இறந்தார் என்று வைத்துக்கொள்வோம். மனைவி, இரண்டு மகள்கள், ஒரு மகன், வயதான அம்மா இருக்கிறார்கள். நாமினியாக மகன் பெயர் இருக்கிறது. வங்கி 10 லட்சத்தையும் மகனிடம் கொடுக்கும். ஆனால் பங்கு ஐந்து. ஆளுக்கு 2 லட்சம். மகன் கையில் இருக்கும் 10 லட்சத்தில் 8 லட்சம் மற்ற நான்கு பேருடையது.

இந்தக் கணக்கில் அதிகம் மறக்கப்படுபவர் அம்மா. மகனை இழந்து திண்ணையில் உட்கார்ந்திருக்கும் அந்தப் பாட்டிக்கு மருமகளுக்கும் பேரனுக்கும் சமமான ஒரு பங்கு சட்டத்தில் இருக்கிறது. யாரும் அவரிடம் சொல்வதில்லை. பாத்தியமே இல்லாதவர் போல வாரிசுச் சான்றிதழ் விண்ணப்பத்திலிருந்தே அவர் பெயர் விட்டுப்போகிறது. பின்னாளில் அவருடைய மற்ற பிள்ளைகள் கேட்கும்போதுதான் விவகாரம் வெடிக்கிறது. அப்பா உயிரோடு இருந்தால் அவர் இந்த முதல் வகுப்பில் வரமாட்டார் என்பதும் பலருக்கு ஆச்சரியமாக இருக்கும்.

இந்தக் கணக்கு எல்லோருக்கும் ஒன்றல்ல. கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு 1925-ம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம்: மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி பிள்ளைகளுக்குச் சமமாக. முஸ்லிம் குடும்பங்களுக்கு ஷரீஅத் சொல்லும் பங்குகள். உயில் எழுதினாலும் வாரிசுகளின் சம்மதமில்லாமல் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எழுத முடியாது. சித்தேரி, வத்தல்மலை போன்ற ஊர்களின் பழங்குடி மக்களுக்கு 1956 சட்டம் நேரடியாகப் பொருந்தாது. அவர்களின் வழக்காறுதான் அடிப்படை. இனி நான் சொல்லும் பங்குக் கணக்கு, பொதுவாக, 1956 சட்டம் பொருந்தும் குடும்பங்களுக்கானது.

"சீர் செஞ்சாச்சு" என்பது கணக்கு முடிந்தது ஆகாது

மகளுக்கு இத்தனை பவுன் போட்டோம், கல்யாணச் செலவு செய்தோம், இனி அவளுக்கு என்ன பங்கு என்ற வாதம் நம் ஊர்களில் இன்னும் உயிரோடு இருக்கிறது. சட்டத்தில் அதற்கு இடமே இல்லை. அப்பா தானே சம்பாதித்த சொத்தில் 1956 முதலே மகளும் மகனும் சமம். பரம்பரைச் சொத்தில் தமிழ்நாடு 1989-லேயே மகளுக்குச் சம உரிமை கொடுத்தது. ஆனால் அந்த ஆண்டு மார்ச் 25-க்கு முன் கல்யாணமான பெண்களை விட்டுவிட்டது. 2005 செப்டம்பர் 9 முதல் மத்தியச் சட்டம் அந்த வேலியையும் எடுத்துவிட்டது. எப்போது கல்யாணமானவர் என்றாலும் உரிமை உண்டு. 2005-ல் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்ற குழப்பமும் 2020 ஆகஸ்டில் வினீதா சர்மா வழக்கில் தீர்ந்தது. இருந்திருக்க வேண்டியதில்லை, மகளின் உரிமை பிறப்பால் வருவது. 2004 டிசம்பர் 20-க்கு முன்பே பதிவான பத்திரம் மூலமோ கோர்ட் தீர்ப்பு மூலமோ முறையாகப் பாகம் பிரித்து முடித்த சொத்துகளையும், அதற்கு முன்பே விற்றுவிட்ட சொத்துகளையும் இது தொடாது.

மகள் மனமுவந்து விட்டுக்கொடுக்கலாம், அது அவர் இஷ்டம். ஆனால் "எனக்கு ஒண்ணும் வேண்டாம்ணா, நீயே வச்சுக்க" என்று வாசலில் நின்று சொன்னது நிலத்தைப் பொறுத்தவரை செல்லாது. அதற்கு விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்ய வேண்டும். விடுதலைப் பத்திரம் என்றால், கூட்டுச் சொத்தில் தனக்குள்ள பங்கை இன்னொரு பங்காளிக்கு விட்டுத்தரும் பதிவுப் பத்திரம். அதில் கையெழுத்துப் போடச் சொல்லி வெற்றுத்தாளையோ படித்துக் காட்டாத பத்திரத்தையோ யாராவது நீட்டினால், எந்தச் சர்வே எண், எவ்வளவு பரப்பு, எவ்வளவு மதிப்பு என்று கேட்டுத் தெரிந்துகொண்டுதான் பேனாவை எடுக்க வேண்டும். கேட்பதால் அண்ணன் தங்கை உறவு கெட்டுவிடாது. கேட்காமல் போட்ட கையெழுத்தால் கெட்டுப்போன உறவுகள்தான் நிறைய.

பெண்ணின் சொத்துக்குச் சட்டம் வேறு வழி போகிறது

இது பலருக்குத் தெரியாத, தெரிந்தே ஆக வேண்டிய இடம். ஒரு பெண் உயில் எழுதாமல் இறந்தால் அவர் சொத்து முதலில் கணவருக்கும் பிள்ளைகளுக்கும் போகும். கணவரும் இல்லை, பிள்ளைகளும் இல்லை என்றால்? அவரைப் பெற்ற தாய் தந்தைக்கு என்றுதான் யாரும் நினைப்பார்கள். சட்டம் கணவரின் வாரிசுகளுக்கு முதலில் கொடுக்கிறது, அவர்கள் இல்லாவிட்டால்தான் பெற்றோர். பெற்றோரிடமிருந்து வாரிசாக வந்த சொத்து மட்டும் அப்பா வழிக்குத் திரும்பும்.

ஓசூர் கம்பெனியில் வேலை செய்து, கணவரை இழந்து, குழந்தையில்லாமல், தன் அம்மாவைக் கூட வைத்துக் காப்பாற்றும் ஒரு பெண்ணை நினைத்துப் பாருங்கள். அவர் சேமித்த டெபாசிட்டும் வாங்கிய மனையும், அவருக்கு ஏதாவது ஆனால், கணவர் வழிச் சொந்தங்களுக்குப் போய்விடலாம். அம்மாவை நாமினியாகப் போட்டிருந்தாலும் மேலே சொன்ன அதே சிக்கல்தான். ஒரே ஒரு பக்கத்தில் எழுதிய உயில் இருந்தால் இது மாறிவிடும். தமிழ்நாட்டில் பெண்களுக்கான அரசு உதவிபெற்ற சுயஉதவிக் குழுத் திட்டம் 1989-ல் தொடங்கியதே பழைய தர்மபுரி மாவட்டத்தில்தான். குழுவில் சேர்ந்து கணக்கு எழுதப் பழகிய பெண்கள் உள்ள ஊர் இது. குழுக் கூட்டங்களில் கடன் தவணை பேசுவதோடு உயிலையும் பேச வேண்டும் என்று நான் மனதார விரும்புகிறேன்.

இந்தப் பகுதியில் நினைவில் நிற்க வேண்டியவை: மனைவி, பிள்ளைகள், அம்மா எல்லோருக்கும் சமப் பங்கு. மகளின் கல்யாணம் அவர் பங்கைக் குறைக்காது. குழந்தையில்லாத பெண்ணுக்கு உயில் மிக மிக அவசியம்.

பி.எஃப்., இன்சூரன்ஸ்: இங்கே விதி கொஞ்சம் மாறும்

பி.எஃப். நாமினேஷனில் யாரை வேண்டுமானாலும் எழுத முடியாது. குடும்பம் இருப்பவர் குடும்பத்துக்குள்தான் எழுத வேண்டும். ஆண் ஊழியருக்கு மனைவி, பிள்ளைகள், அவரை நம்பியிருக்கும் பெற்றோர் என்று அந்தக் குடும்பப் பட்டியல் போகும். தம்பி தங்கை அதில் இல்லை. குடும்பம் இல்லாத காலத்தில் வேறு ஒருவரை எழுதியிருந்தால், குடும்பம் அமைந்ததும் அது செல்லாமல் போகும். எனவே கல்யாணம் ஆனதும் பி.எஃப். இணையதளத்தில் யு.ஏ.என். என்ற உங்கள் பி.எஃப். எண்ணை வைத்து நுழைந்து புதிதாக இ-நாமினேஷன் போட்டுவிடுங்கள். குழந்தை பிறந்ததும் இன்னொரு முறை. கம்பெனி மாறும்போது எச்.ஆர். பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடாதீர்கள்.

பி.எஃப். கணக்கோடு இன்னும் இரண்டு உரிமைகள் ஒட்டியிருக்கின்றன. வேலையில் இருக்கும்போதே ஊழியர் இறந்தால் ஈ.டி.எல்.ஐ. என்ற இன்சூரன்ஸ் வழியாக அதிகபட்சம் 7 லட்ச ரூபாய் வரை கிடைக்கும். ஓய்வூதியத் திட்டத்தில் இருந்தவர் என்றால் மனைவிக்கு மாத பென்ஷனும், 25 வயது வரை இரண்டு பிள்ளைகளுக்குப் பென்ஷனும் உண்டு. பி.எஃப். தொகையை வாங்கியதோடு எல்லாம் முடிந்தது என்று பல குடும்பங்கள் இவற்றை விட்டுவிடுகின்றன.

இன்சூரன்ஸில் 2015-ல் ஒரு திருத்தம் வந்தது. பாலிசி எடுத்தவர் தன் பெற்றோர், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள் இவர்களில் ஒருவரை நாமினியாக எழுதினால், அந்தப் பணம் அவருக்கே உரியது என்கிறது அது. மொய் மேசை உதாரணம் இங்கே அப்படியே பொருந்தாது. ஆனாலும் மற்ற வாரிசுகளின் பங்கை இந்தத் திருத்தம் அழித்துவிடாது என்று தீர்ப்புச் சொன்ன உயர் நீதிமன்றமும் உண்டு. அதனால் பெரிய தொகை பாலிசி என்றால் யாருக்கு என்பதை உயிலிலும் ஒரு வரி எழுதிவைப்பது நல்லது. வங்கிக் கணக்கிலிருந்து வருடம் 436 ரூபாயும் 20 ரூபாயும் பிடிக்கப்படும் பிரதமர் பெயரிலான இரண்டு இன்சூரன்ஸ்களையும் மறக்காதீர்கள். ஒவ்வொன்றும் 2 லட்ச ரூபாய். முதலாவது எப்படி இறந்தாலும் உண்டு, இரண்டாவது விபத்துக்கு. இறந்தவரின் பாஸ்புக்கில் மே, ஜூன் மாத வரிகளைப் பாருங்கள், பிடித்திருந்தால் தெரியும்.

நிலத்துக்கு நாமினி கிடையாது

வங்கியில் நாமினி இருப்பதுபோல நிலத்துக்கும் ஏதோ ஒன்று இருக்கும் என்று சிலர் நினைக்கிறார்கள். கிடையாது. மாந்தோப்பானாலும், தக்காளிக் காடானாலும், ஓசூரில் வாங்கிய இரண்டு சென்ட் மனையானாலும், உயில் இருந்தால் உயில்படி, இல்லாவிட்டால் வாரிசுச் சட்டப்படி.

இங்கே பட்டாவைப் பற்றி ஒரு தெளிவு வேண்டும். பட்டா என்பது வருவாய்த் துறையின் பதிவேட்டில் நிலம் யார் பெயரில் இருக்கிறது என்று காட்டும் ஆவணம். அது முக்கியமான காகிதம்தான், ஆனால் அதனால் மட்டும் ஒருவர் முழு உரிமையாளர் ஆகிவிடமாட்டார். உரிமை பிறப்பது கிரயப் பத்திரம், பாகப் பத்திரம், உயில், வாரிசுரிமை இவற்றிலிருந்து. மூத்த மகன் பெயருக்குப் பட்டா மாறிவிட்டது என்பதற்காகத் தங்கைகளின் பங்கு கரைந்துவிடாது. அதேபோல, தாசில்தார் கொடுக்கும் வாரிசுச் சான்றிதழ் இறந்தவருக்கு யார் யார் வாரிசு என்று பட்டியலிடும். யாருக்கு எவ்வளவு என்று அது சொல்லாது.

நம் பகுதியில் பட்டா இன்னும் தாத்தா பெயரிலேயே இருக்கும் நிலங்கள் எங்கும் உண்டு. தாத்தாவுக்கு ஐந்து பிள்ளைகள், அவர்களுக்குப் பதினைந்து பேரப்பிள்ளைகள். ஒருவர் பெங்களூரில் பேக்கரி வைத்திருப்பார், ஒருவர் திருப்பூரில், ஒருவர் எங்கே என்றே தெரியாது. நிலம் சும்மா இருக்கும்வரை தோப்புக் குத்தகைப் பணத்தை மூத்தவர் வாங்கிப் பிரித்துக்கொடுத்துக் காலம் ஓடிவிடும். சாலைக்கோ சிப்காட்டுக்கோ நிலம் எடுக்க நோட்டீஸ் வந்ததும்தான் எல்லாம் வெளியே வரும். வாரிசுகளுக்குள் ஒத்துவராவிட்டால் இழப்பீட்டுத் தொகை யார் கைக்கும் வராமல் டெபாசிட்டில் போய் உட்கார்ந்துவிடும்.

பழைய காகிதங்களைத் தேடும்போது ஒன்றை மனதில் வையுங்கள். தர்மபுரி மாவட்டம் சேலத்திலிருந்து பிரிந்தது 1965 அக்டோபர் 2-ல். கிருஷ்ணகிரி தர்மபுரியிலிருந்து பிரிந்தது 2004 பிப்ரவரி 9-ல். ஆகவே போச்சம்பள்ளியில் இருக்கும் ஒரே தோப்பின் மூலப் பத்திரத்தில் சேலம் மாவட்டம் என்றும், மகனின் பாகப் பத்திரத்தில் தர்மபுரி மாவட்டம் என்றும், பேரன் பெயரில் எடுக்கும் பட்டாவில் கிருஷ்ணகிரி மாவட்டம் என்றும் இருக்கலாம். மாவட்டப் பெயரைப் பார்த்து இது வேறு நிலம் என்று பழைய பத்திரத்தை ஒதுக்கிவிட வேண்டாம். கிராமத்தின் பெயரையும் சர்வே எண்ணையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பழைய சர்வே எண் பின்னால் மாறியிருந்தால் வி.ஏ.ஓ.விடம் கேட்டால் பதிவேட்டைப் பார்த்துச் சொல்வார். அப்புறம் வில்லங்கச் சான்று போட்டு, இடையில் யாராவது விற்றோ அடமானம் வைத்தோ இருக்கிறார்களா என்று பார்த்துவிடலாம்.

உயிலா, செட்டில்மெண்டா?

உயில் என்பது, என் சாவுக்குப் பிறகு என் சொத்து இன்னாருக்கு என்று எழுதிவைப்பது. 18 வயது நிரம்பி, சுயநினைவோடு இருக்கும் யாரும் எழுதலாம். முத்திரைத் தாள் தேவையில்லை, வெள்ளைத் தாள் போதும். தமிழில், உங்கள் கையெழுத்திலேயே எழுதலாம். கட்டாயமானது ஒன்று: குறைந்தது இரண்டு சாட்சிகள், நீங்கள் கையெழுத்துப் போட்டதைப் பார்த்து, அவர்களும் உங்கள் முன்னால் கையெழுத்துப் போட வேண்டும். பதிவு செய்வது கட்டாயமில்லை. ஆனாலும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்துவிடுங்கள் என்றுதான் நான் சொல்வேன். காகிதம் தொலைந்தாலும் நகல் கிடைக்கும், "இது அப்பா கையெழுத்தே இல்லை" என்ற சண்டையும் பெருமளவு குறையும். பதிவு செய்த உயிலையும் எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். கடைசியாக எழுதியதே செல்லும்.

சாட்சி விஷயத்தில் கவனம் தேவை. பின்னால் வழக்கு வந்தால் சாட்சிகளில் ஒருவராவது கோர்ட்டில் வந்து சொல்ல வேண்டியிருக்கும். எண்பது வயது நண்பரைச் சாட்சியாகப் போட்டால் உங்களுக்கு முன்பே அவர் போய்விடலாம். உங்களைவிட இளையவராக, உயிலில் எதுவும் பெறாதவராக, ஊரிலேயே இருப்பவராகப் பாருங்கள்.

உயில் நீங்கள் சொந்தமாகச் சம்பாதித்த சொத்துக்கும், பரம்பரைச் சொத்தில் உங்கள் பங்குக்கும் மட்டுமே செல்லும். மொத்தப் பரம்பரை நிலத்தையும் ஒரு மகனுக்கு எழுதிய உயில், மற்றவர்களின் பங்கைப் பொறுத்தவரை வெறும் தாள்.

செட்டில்மெண்ட் என்பது வேறு, உயிரோடு இருக்கும்போதே சொத்தை எழுதிக்கொடுத்துவிடும் பத்திரம். பதிவு செய்த அன்றே சொத்து கைமாறிவிடும். குடும்பத்துக்குள் எழுதும் செட்டில்மெண்டுக்கு முத்திரைத் தீர்வை 1 சதவீதம், அதிகபட்சம் 40,000 ரூபாய். பதிவுக் கட்டணம் 1 சதவீதம், அதிகபட்சம் 10,000 ரூபாய். இது 2023 ஜூலையில் உயர்த்தப்பட்ட வரம்பு. செலவு குறைவு, சண்டை வராது என்று பலர் அறுபது வயதிலேயே எல்லாவற்றையும் பிள்ளைகளுக்கு எழுதிவிடுகிறார்கள். எனக்கு இதில் பெரிய கவலை உண்டு. விவசாயிக்கு பி.எஃப். கிடையாது, பென்ஷன் கிடையாது. தோப்புதான் அவருடைய ஓய்வூதியம். அதை எழுதிக்கொடுத்துவிட்டால் மருந்துச் செலவுக்கும் கை நீட்ட வேண்டும். உயிரோடு இருக்கும்வரை உயில்தான் பாதுகாப்பு. செட்டில்மெண்ட் எழுதியே ஆக வேண்டும் என்றால், என் ஆயுள்வரை அனுபவிக்கும் உரிமை எனக்கே என்றும், என்னைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு தருகிறேன் என்றும் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள். பத்திர எழுத்தர் "அதெல்லாம் எதுக்குங்க" என்றாலும் விடாதீர்கள். அந்த வரி இருந்தால், பிள்ளை கவனிக்காமல் விடும்போது, 2007-ம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டப்படி செட்டில்மெண்டையே ரத்து செய்யக் கோரலாம். அந்த மனுவை விசாரிக்கும் தீர்ப்பாயம் கோட்ட அளவில், தர்மபுரி, அரூர், கிருஷ்ணகிரி, ஓசூர் ஆகிய இடங்களிலேயே இருக்கிறது.

ஆக, வங்கிப் பணத்துக்கு நாமினியும் உயிலும், நிலத்துக்கு உயில். எழுதியது எங்கே இருக்கிறது என்று வீட்டில் இரண்டு பேருக்காவது தெரிந்திருக்க வேண்டும்.

வரி உண்டா?

வாரிசாக வரும் சொத்துக்கு இந்தியாவில் வரி இல்லை. முன்பு எஸ்டேட் வரி என்று ஒன்று இருந்தது, 1985-ல் எடுத்துவிட்டார்கள். பெற்றோர் உயிரோடிருக்கும்போது பிள்ளைக்கு எழுதித் தந்தாலும் பெறுபவருக்கு வருமான வரி இல்லை. அதற்குப் பிறகு அந்தச் சொத்து தரும் வட்டியும் வாடகையும் உங்கள் வருமானம். இறந்தவர் வரி கட்டும் அளவுக்கு வருமானம் உள்ளவராக இருந்தால், அவர் இறந்த நாள்வரையான கணக்கை வாரிசு ஒருவர் தாக்கல் செய்ய வேண்டும்.

வாரிசாக வந்த நிலத்தை விற்கும்போதுதான் வரிக் கேள்வி எழும். லாபத்தைக் கணக்கிட, முதலில் வாங்கியவர் கொடுத்த விலையை எடுக்க வேண்டும். 2001 ஏப்ரல் 1-க்கு முன்பே வாங்கிய நிலம் என்றால் அன்றைய மதிப்பை எடுத்துக்கொள்ளலாம். கிராமத்து விவசாய நிலமாக இருந்தால் இந்த வரியே இல்லை. எது கிராமத்து நிலம் என்பதற்குத் தூரக் கணக்கு உண்டு: மக்கள் தொகை 10,000-க்கு மேல் 1 லட்சம் வரை உள்ள நகராட்சி என்றால் எல்லையிலிருந்து 2 கிலோமீட்டருக்கு அப்பால், 1 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரை என்றால் 6 கிலோமீட்டருக்கு அப்பால். 2011 கணக்கெடுப்புப்படி தர்மபுரியும் கிருஷ்ணகிரியும் முதல் வகை, ஓசூர் இரண்டாவது வகை. ஓசூர் 2019-ல் மாநகராட்சியாகி எல்லையும் விரிந்துவிட்டதால், நேற்றுவரை கிராமமாக இருந்த நிலம் இன்று வரி வட்டத்துக்குள் வந்திருக்கலாம். கிரயம் பேசும் முன்பே ஓர் ஆடிட்டரிடம் கேட்டுவிடுங்கள்.

யாருக்கும் தெரியாமல் கிடக்கும் பணம்

அப்பா எந்தெந்த வங்கியில் கணக்கு வைத்திருந்தார் என்றே தெரியாத வீடுகள் உண்டு. 10 ஆண்டுகள் யாரும் தொடாத வங்கிப் பணம் ரிசர்வ் வங்கி நடத்தும் ஒரு தனி நிதிக்குப் போய்விடும். போய்விட்டாலும் உரிமை போகாது, வாரிசுகள் எப்போது கேட்டாலும் அந்த வங்கி வட்டியோடு கணக்குப் பார்த்துக் கொடுக்க வேண்டும். தேடுவதற்காக 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி உத்கம் என்ற இணையதளத்தைத் திறந்தது. உங்கள் செல்போன் எண்ணால் பதிவு செய்துகொண்டு, இறந்தவரின் பெயரோடு அவருடைய பான் எண்ணையோ, வாக்காளர் அட்டை எண்ணையோ, பிறந்த தேதியையோ கொடுத்துத் தேடலாம். ஒரு கணக்கு தென்பட்டால் அங்கே காட்டப்படும் எண்ணைக் குறித்துக்கொண்டு, இறப்புச் சான்றிதழோடும் வாரிசுச் சான்றிதழோடும் அந்த வங்கியின் கிளைக்குப் போங்கள். போகும்போது அக்கா தங்கைகளையும் கூட அழைத்துப் போங்கள்.